ஓடித் தேய்வதும் நின்று தேய்வதும்

ஒரு காரின் வயதைச் சொல்லப் பொதுவாக இரண்டு எண்கள் கேட்கப்படுகின்றன: அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்த ஆண்டு, அது இதுவரை ஓடிய தொலைவு. பழைய கார்ச் சந்தையில் இரண்டாவது எண்ணுக்கே மதிப்பு அதிகம். குறைவாக ஓடிய கார் இளமை மாறாதது என்னும் நம்பிக்கைதான் பெரும்பாலும் விலையை நிர்ணயிக்கிறது. காரினுள் இருக்கும் பொருள்களைத் தனித்தனியே ஆராய்ந்தால் இந்த நம்பிக்கை பாதிதான் உண்மை என்பது தெரியவரும். உராய்ந்து தேயும் உலோகப் பகுதிகள் ஓடிய தொலைவுக்கேற்ப முதுமை அடைகின்றன. ரப்பரும் பிரேக் ஆயிலும் எஃகுத் தகடும் கழிந்த காலத்துக்கேற்ப முதுமை அடைகின்றன. இவற்றுள் சில, கார் ஓடாமல் நிற்கும்போதுதான் விரைந்து கெடுகின்றன. முப்பது ஆண்டு கடந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வார இறுதிக் காட்சிப் பொருளாகப் பூட்டி வைக்காமல் அன்றாடம் வேலைக்கு ஓட்டிச் செல்ல விரும்புபவர், எந்தப் பாகம் எந்தக் கணக்கில் தேய்கிறது என்பதைத்தான் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இதை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான கார், ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கார்க் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்ட இந்தத் திறந்த கூரைக் காரில் இருவர் மட்டுமே அமரலாம், 1.6 லிட்டர் இன்ஜினின் திறன் ஏறத்தாழ 115 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் உருவாக்கப்பட்ட இதன் முதல் தலைமுறை 1997 வரை உற்பத்தியில் இருந்து, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உலகெங்கும் பரவியது. பந்தயக் கார்களைப் போல எளிதில் முறியாத, சாதாரணக் குடும்பக் காரின் இன்ஜினை அடிப்படையாகக் கொண்ட இயந்திரம் என்பதால் இன்றும் ஆயிரக்கணக்கானோர் இதை அன்றாடம் ஓட்டுகின்றனர். அந்த வகையில் இது முதுமையின் இயற்பியலையும் வேதியியலையும் படிப்பதற்கேற்ற பெரியதொரு மாதிரித் தொகுப்பு.

இன்ஜினிலிருந்து தொடங்கலாம். சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே உலோகம் உலோகத்தைத் தொட்டு உராய்கிறது என்றும், ஆயில் அந்த உராய்வைச் சற்றுத் தணிக்கிறது என்றும் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் முழு வேகத்தில் ஓடும் இன்ஜினில் அவை ஒன்றையொன்று தொடுவதே இல்லை. 1883இல் ஆங்கிலப் பொறியாளர் பீச்சம் டவர் ரயில் அச்சுகளுக்கான பேரிங்குகளைச் சோதித்தபோது, எண்ணெய் விடுவதற்காக மேல்புறத்தில் துளையிட்டார். அந்தத் துளை வழியாக எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வந்தது, அடைத்த தக்கையையும் தள்ளிவிட்டது. சுழலும் தண்டு தானே எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்து, தன் சுமையைத் தாங்குமளவு அழுத்தத்தை அதில் உண்டாக்கிக்கொள்கிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித வடிவில் விளக்கினார். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே தடிமன் கொண்ட இந்தப் படலம் நீடிக்கும்வரை தேய்மானம் மிகக் குறைவு. படலம் உருவாவதற்குச் சுழற்சி வேண்டும். ஆகவே இன்ஜின் உயிர்பெறும் முதல் நொடிகளிலும், அது நின்றுபோகும் கடைசி நொடிகளிலும்தான் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. அந்த நேரத்தில் காப்பது ஆயிலில் கலந்துள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் உலோகப் பரப்பின்மீது படியவிடும் மெல்லிய அடுக்கு.

இதன்படி பார்த்தால், ஒரே மூச்சில் 300 கிலோமீட்டர் ஓடிய இன்ஜினைவிட, அதே தொலைவை நூறு சிறு பயணங்களாக ஓடிய இன்ஜின் மிக அதிகமாகத் தேய்ந்திருக்கும். குறும்பயணங்களின் தீமை இத்தோடு நிற்பதில்லை. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். அது எரியும்போது ஹைட்ரஜன் நீராக மாறுகிறது, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது. சூடான இன்ஜினில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்த இன்ஜினிலோ அதன் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஆயிலோடு கலக்கிறது. இன்னொரு பகுதி சைலன்சருக்குள் தேங்கி அதை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்கிறது. எரிதலின்போது தோன்றும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இந்த நீரில் கரைந்து அமிலமாகின்றன. ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் வெளிர்மஞ்சளாகப் படிந்திருக்கும் கூழ், நீரும் ஆயிலும் கலந்த குழம்பே ஆகும். கூலன்டின் வெப்பமானி நடுநிலைக்கு வந்துவிட்டது என்பதால் ஆயிலும் சூடாகிவிட்டதாகக் கொள்ள முடியாது. ஆயில் சூடாக மேலும் பல நிமிடங்கள் தேவைப்படும். அன்றாடம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார், ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் என்று ஓடோமீட்டரில் இளமையாகத் தோன்றும். ஆயிலின் வேதியியலோ அதை முதியதாகவே காட்டும். எனவே அன்றாடப் பயன்பாடு நன்மையா தீமையா என்ற கேள்விக்கு, அந்த அன்றாடப் பயணம் இன்ஜினை முழுமையாகச் சூடேற்றுமளவு நீளமானதா என்பதை அறியாமல் விடை கூற இயலாது.

ரப்பரின் கதை இதற்கு நேர்மாறானது. இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் சீரான இடைவெளியில் இரட்டைப் பிணைப்புகள் அமைந்துள்ளன. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறைப்படி கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டுண்டு ரப்பருக்கு வலிமை கிடைக்கிறது. வலிமை தரும் அந்த அமைப்பிலேயே பலவீனமும் உள்ளது, ஏனெனில் எஞ்சி நிற்கும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் ஓசோன் வெட்டிவிடுகிறது. இழுவிசைக்கு உட்பட்ட இடத்தில் மட்டுமே இந்த வெட்டு பிளவாக விரிகிறது. அதனால்தான் டயரின் பக்கச்சுவரில் தோன்றும் மயிரிழைப் பிளவுகள் இழுவிசைக்குச் செங்குத்தான திசையில் வரிசையாக அமைகின்றன. டயர் தயாரிப்பாளர்கள் இதைத் தடுக்க ரப்பருக்குள் மெழுகையும் ஓசோன் எதிர்ப்பிகள் எனப்படும் சேர்மங்களையும் கலக்கின்றனர். அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து ஓசோன் ரப்பரை எட்டுமுன் அதைத் தடுத்துவிடுகின்றன. டயர் உருண்டு நெளியும்போது இந்தக் கசிவு தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது, நின்ற இடத்திலேயே நிற்கும் காரின் டயரில் புதுப்பிக்கப்படுவதில்லை. பூட்டிய கொட்டகையில் பத்தாண்டு நின்ற, தேய்மானமே இல்லாத டயர், அன்றாடம் ஓடிப் பாதி தேய்ந்த டயரைவிட ஆபத்தானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ள நான்கு இலக்க எண் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்; 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வருபவர், ஓடோமீட்டரைப் பார்க்குமுன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

சஸ்பென்ஷன் கைகளின் முனைகளில் உள்ள புஷ்களும் ரப்பரே. எம்எக்ஸ்-5இன் நான்கு சக்கரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக் கைகளால் தாங்கப்படுகின்றன. திருப்பங்களில் சக்கரம் சாலைக்கு எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை இந்தக் கைகளின் நீளமும் இணைப்புப் புள்ளிகளும் தீர்மானிக்கின்றன. புஷ் இறுகியோ கிழிந்தோ போனால் அந்தப் புள்ளிகள் சுமைக்கேற்ப இடம்பெயர்கின்றன. இந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழ்வதால் அன்றாடம் ஓட்டுபவர் அதை உணர்வதில்லை. இந்த வகைக் கார்கள் எப்போதும் இப்படித்தான் ஓடும்போலும் என்று பழகிவிடுகிறார். ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியதே அதன் ஓட்ட உணர்வுக்காக என்னும்போது, முப்பதாண்டு ரப்பரை மாற்றாமல் இன்ஜினின் திறனைக் கூட்டப் பணம் செலவிடுவது முறையான வரிசையன்று.

பிரேக் ஆயில் காலத்தையே கணக்கு வைக்கும் இன்னொரு பொருள். கிளைகால் ஈதர் வகையைச் சேர்ந்த இந்தத் திரவம் நீரை ஈர்க்கும் இயல்புடையது. தொட்டியின் காற்றுத்துளை வழியாகவும் ரப்பர்க் குழாய்ச் சுவரினூடாகவும் காற்றின் ஈரம் இதனுள் ஊறிக்கொண்டே இருக்கிறது. டாட் 4 என்னும் தரத்துக்குரிய புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிவரை தாங்கினால் போதும் என அதே தரவிதி கூறுவதிலிருந்து, சிறிதளவு நீர் செய்யும் கேட்டை உணரலாம். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 386 கிலோஜூல் ஆற்றல் பிரேக்குகளில் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 8 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். மலைச்சாலை இறக்கத்தில் இது திரும்பத் திரும்ப நிகழும்போது திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றுகின்றன. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். எனவே பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் தீர்ந்துவிடும் இந்த ஆபத்து, குறைவாகத்தானே ஓடியது என்ற எண்ணத்தால் கவனிக்கப்படாமல் போவது வருந்தத்தக்கது.

கூலன்டும் அவ்வாறே. எம்எக்ஸ்-5இன் இன்ஜின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, தலைப்பாகம் அலுமினியம். ஒரே திரவத்தில் நனையும் இருவேறு உலோகங்கள் ஒரு மின்கலமாகச் செயல்பட்டு, அலுமினியம் கரையத் தொடங்கும். அதைத் தடுக்கும் சேர்மங்கள் கூலன்டில் உண்டு, அவை காலப்போக்கில் செலவாகிவிடுகின்றன. ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. வெப்பத்தால் முதிர்ந்த பிளாஸ்டிக் கருமை நீங்கிப் பழுப்பாகிவிட்டால், அது வெடிக்கும் நாள் தொலைவில் இல்லை என்பது இந்தக் காரை அறிந்த மெக்கானிக்குகள் அனைவருக்கும் தெரிந்த அடையாளம்.

இத்தனையும் மாற்றத்தக்கவை. மாற்ற இயலாதது உடற்கூடு. முதிய கார்களின் சாவு பெரும்பாலும் துருவால்தான் நேர்கிறது, இன்ஜினால் அன்று. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்வு. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தினூடே வேறோர் இடத்துக்குச் சென்று, அங்கே நீரையும் காற்றின் ஆக்சிஜனையும் ஹைட்ராக்சைடாக மாற்றுகின்றன. இரண்டு இடங்களையும் இணைக்கும் நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் எளிதாகப் பாய்ந்து வினை விரைவுபெறும். ஆக்சிஜன் மிகுந்த இடம்தான் முதலில் அரிக்கப்படும் என்று தோன்றலாம். 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் எஃகின்மீது ஒரு துளி உப்புநீரை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு மாறானதைக் காட்டியது. துளியின் விளிம்பில் ஆக்சிஜன் மிகுதி, நடுவில் குறைவு, அரிக்கப்பட்டது நடுப்பகுதியே. சேறு அப்பிய மூலைகளும், இரு தகடுகள் ஒட்டிக் கிடக்கும் மடிப்புகளும், காற்றுப் புகாத உட்குழிகளும் வெளிப்பரப்பைவிட முந்தி அழிவது இதனால்தான். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருமன் கொண்டது என்பதால், அது உள்ளே வளரும்போது பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது தகட்டின் உட்புறம் பெரும்பாலும் தின்னப்பட்டிருக்கும்.

எம்எக்ஸ்-5இன் பலவீனம் இந்த விதிக்குச் சரியான சான்று. மடக்குக் கூரையின் பின்விளிம்பில் சேரும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள குழாய்கள் வழியாகக் கீழிறங்கி வெளியேறும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. இலைச் சருகும் தூசியும் அந்தக் குழாயை அடைத்துவிட்டால், நீர் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பக்கச் சட்டத்துக்குள் புகுந்து தேங்குகிறது. கூரையில்லாக் காரில் உடலின் விறைப்பைத் தாங்குவது பெரும்பாலும் அந்தச் சட்டமே. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் பிரிட்டனிலும் வட அமெரிக்காவின் வட பகுதிகளிலும் கேடு இரட்டிப்பாகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகிவிடுவதால், மழை பெய்யாத நாளிலும் உப்புச் சேறு உலர்வதில்லை. அதே சேற்றோடு காரைக் கதகதப்பான கொட்டகைக்குள் நிறுத்துவது வினையின் வேகத்தைக் கூட்டுமே தவிரக் காப்பாற்றாது. அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துவதே மேல். போர்ஷே நிறுவனம் 1976ஆம் ஆண்டு மாடலிலிருந்து 911 காரின் எஃகு உடலுக்குத் துத்தநாகப் பூச்சிட்டு, துருவுக்கு எதிராக ஆறாண்டு உத்தரவாதம் அளிக்கத் துணிந்தது. இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் துத்தநாகம், தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாத காருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை வடிகுழாயில் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி அடைப்பை நீக்குவது, பிற்காலத்தில் செய்யப்படும் எந்த வெல்டிங் வேலையையும்விடப் பயன் மிக்கது.

பராமரிப்பு என்றாலே நன்மை என்று கொள்வதும் சரியன்று. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட், பற்களுடைய ரப்பர்ப் பட்டை. இந்த இன்ஜினில் ஏறத்தாழ 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாதபடி இடைவெளி விட்டு வடிவமைக்கப்பட்டது என்பதால் எம்எக்ஸ்-5 வெறுமனே நின்றுபோகும். அத்தகைய இடைவெளி இல்லாத போர்ஷே 944இல் அதே நிகழ்வு வால்வுகளை வளைத்து இன்ஜினையே பாழாக்கிவிடும். ஆனால் 1989 முதல் 1991 வரையிலான தொடக்ககால எம்எக்ஸ்-5 இன்ஜின்களில் ஆபத்து வேறு வடிவில் உள்ளது. கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் பற்சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரு போல்ட். இறுகிய போல்ட் சற்று நீண்டு, சுருள்வில் போல இழுத்துப் பிடிக்கும். சுழல்விசையைக் கடத்துவது அந்த அழுத்தத்தால் எழும் உராய்வுதான், பள்ளத்தில் செருகியுள்ள சிறிய சாவித்துண்டு நிலையைக் குறிக்க மட்டுமே. பெல்ட் மாற்றியபின் போல்ட் உரிய அளவுக்கு இறுக்கப்படாவிட்டால் உராய்வு போதாமல் சுமை முழுவதும் சாவித்துண்டின்மேல் விழுகிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் அசைந்து பள்ளத்தை அகலமாக்கி, இறுதியில் கிராங்க் ஷாஃப்டையே பயனற்றதாக்குகிறது. குட்டை முனை கொண்ட இந்த வகையில் வெளிப்புறப் பற்சக்கரத்தில் நான்கு வெட்டுகளும், பின்னர் வந்த திருத்தப்பட்ட வகையில் எட்டு வெட்டுகளும் இருக்கும். அக்கறையோடு செய்யப்பட்ட பராமரிப்பே, டார்க் ரெஞ்ச் பயன்படுத்தாத ஒரு கையால், பழுதின் தொடக்கமாகிவிட்டது.

விமானத் துறை இந்த உண்மையை முன்பே எதிர்கொண்டது. யுனைடெட் ஏர்லைன்ஸின் ஸ்டான்லி நவ்லன், ஹோவர்ட் ஹீப் இருவரும் 1978இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கையில், விமானத்தின் பாகங்களுள் 89 விழுக்காட்டுக்கு வயதைப் பொறுத்த தேய்வுக் கட்டமே காணப்படவில்லை என்றும், 68 விழுக்காட்டில் பழுதின் வாய்ப்பு புதிதாகப் பொருத்திய உடனேதான் மிகுதி என்றும் காட்டினர். குறித்த நாளில் கழற்றி மாற்றுவது பல பாகங்களுக்குப் பயனற்றது, சிலவற்றுக்குத் தீங்கானது என்பது இதன் பொருள். டயர், பெல்ட், பிரேக் பேட் போன்ற எளிய பாகங்கள் இதற்கு விதிவிலக்கு; அவை தெளிவாகத் தேய்பவை, காலம் குறித்தே மாற்றத்தக்கவை. சிக்கலான அமைப்புகளைப் பிரிக்காமல் அவற்றின் நிலையை அளந்தறிவதே அறிவுடைமை. பழைய ஆயிலின் சிறு மாதிரியை நிறமாலைமானியில் எரித்து, அதில் கலந்துள்ள இரும்பு, செம்பு, ஈயம், அலுமினியம் ஆகியவற்றின் அளவைக் கொண்டு எந்தப் பாகம் தேய்கிறது என்று கண்டறியும் முறையை அமெரிக்க ரயில் நிறுவனங்கள் 1940களிலேயே டீசல் இன்ஜின்களுக்குப் பயன்படுத்தின. இன்று அது தனிக் கார் வைத்திருப்பவருக்கும் எட்டும் செலவில் கிடைக்கிறது.

மாற்ற வேண்டியது எது என்று தெரிந்தபின் அது கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. மாஸ்டா 2017இல் ஜப்பானில் முதல் தலைமுறை ரோட்ஸ்டரைத் தொழிற்சாலையே புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்து, மடக்குக் கூரை, நார்டி மர ஸ்டீயரிங், 185/60ஆர்14 அளவிலான பிரிட்ஜ்ஸ்டோன் டயர் முதலியவற்றை மீண்டும் உருவாக்கியது. இரும்பையும் ரப்பரையும் மறுபடி வார்க்கலாம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பலகையில் உள்ள மின்பகு மின்தேக்கிகளின் நிலை வேறு; அவற்றுள் இருக்கும் திரவம் காலப்போக்கில் உலர்ந்தோ கசிந்தோ போகிறது, வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மின்தேக்கியை மாற்றிப் பற்றவைப்பது எளிது. கசிந்த திரவம் பலகையின் செம்புத் தடங்களை அரித்தபின் அதைச் செய்வது கடினம். ஓடும் நிலையில் இருக்கும்போதே ஒருமுறை பலகையைத் திறந்து பார்ப்பது வீண்செலவாகாது.

வயதையும் நிலையையும் ஒன்றாகக் கருதும் குழப்பம், முதிய காரை அரசுகள் மதிப்பிடும் விதத்திலும் நிலவுகிறது. ஜப்பானில் 13 ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்கு வாகன வரி ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுகிறது, அது எப்படிப் பேணப்பட்டிருந்தாலும் சரி. ஜெர்மனியில் 30 ஆண்டு நிறைந்து, அசல் தன்மை மாறாமல் நன்னிலையில் இருப்பதாகச் சோதனையில் தேறிய காருக்கு வரலாற்று வாகன எண் வழங்கப்பட்டு நிலையான வரி மட்டும் வசூலிக்கப்படுகிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கும் அதில் தடையில்லை. வயதோடு நிலையையும் கேட்கும் ஜெர்மானிய முறையே பொருளறிந்த முறை. பிரிட்டனிலோ ஆண்டுச் சோதனையில் சஸ்பென்ஷன், சீட் பெல்ட் இணைப்புப் புள்ளிகளிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் கடுந்துரு இருந்தால் கார் நிராகரிக்கப்படும் என்ற சிறந்த விதி இருந்தும், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்கள் 40 ஆண்டைக் கடந்ததும் அந்தச் சோதனையிலிருந்தே விலக்குப் பெற்றுவிடுகின்றன. அந்நாட்டில் 1990இல் விற்பனைக்கு வந்த முதல் எம்எக்ஸ்-5 கார்கள் 2030இல் அந்த வயதை எட்டும். உள்ளிருந்து அரிக்கப்படும் பக்கச் சட்டத்தை அதன்பின் எந்தச் சோதகரும் கட்டாயமாகப் பார்க்கப் போவதில்லை. விலக்குப் பெற்ற காரையும் உரிமையாளர் விரும்பினால் சோதனைக்குக் கொண்டுசெல்ல அங்கே வழியுண்டு, அன்றாடம் அதை ஓட்டுபவர் ஆண்டுதோறும் அந்த வழியைப் பயன்படுத்துவதே தக்கது.